ஆளி நார்ப் படகும் என் நாத்தனாரும்

என் கணவரின் அக்காவுக்குப் படகுப் பட்டறையில் வைத்த பெயர் சந்தேகக்கா. பால் கொதித்தால்கூட, உண்மையாகத்தான் கொதிக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற ஆள். பந்தயப் பாய்மரப் படகு கட்டும் அந்தப் பட்டறையில் எனக்கும் அவளுக்கும் ஒரே வேலை. அச்சில் துணியை அடுக்கடுக்காக விரித்து, உறையால் மூடி, காற்றை உறிஞ்சிவிட்டுப் பிசினை உள்ளே இழுக்க வைப்போம். பிசின் இறுகியதும் அதுவே படகின் உடல்.

இத்தனை நாளும் கார்பன் இழைத் துணிதான். அது மக்காது, அதைத் தயாரிக்கவும் ஏகப்பட்ட எரிபொருள் வேண்டும் என்று முதலாளியம்மா இந்தத் தடவை ஆளிச்செடி நாரில் நெய்த துணியை இறக்கினார்.

"செடியில படகா? மாடு மேஞ்சிடப் போகுது," என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அந்தப் படகை முதலில் கடலில் ஓட்டப் போவது அவள் மகள். பெற்ற வயிறு பதறத்தானே செய்யும்!

நார்த்துணி ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். சூடான அறையில் உலர்த்தாமல் பிசின் விட்டால் அடுக்குகள் ஒட்டாமல் உரிந்துவிடும். அறையின் சாவியை அக்கா தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டாள். ஈரம் காட்டும் மீட்டர்மீதும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. வெளியே விடாத மழை. நான் அந்தப் பக்கம் நடந்தாலே, "உனக்கு இங்க என்ன வேலை?" என்பாள்.

படகுக்கு முன்னால் அதே நார்த்துணியில் சோதனைக்காக ஒரு சிறு பலகை செய்தோம். அது விரலால் இழுத்ததும் உரிந்தது.

"எவளோ ஈரத் துணிய உள்ள சேத்திருக்கா," என்று அக்கா என்னையே முறைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள், சோதனையைப் பார்க்க வந்திருந்த அவள் மகள் பலகையைக் கையில் எடுத்தாள்.

"காஞ்சிடுச்சான்னு எப்படிம்மா பாத்த?"

"கதவத் திறந்து தொட்டுப் பாத்தேன்."

"எப்பெப்ப?"

"சந்தேகம் வந்தப்பல்லாம்."

திறந்த ஒவ்வொரு தடவையும் மழைக் காற்று உள்ளே போயிருக்கிறது. அது அவளுக்கே உறைத்தது. முகம் செத்துப்போயிற்று.

"அடுத்த துணிய நீ திறந்து பாக்காம இருந்தா, நான் அந்தப் படகுல ஏறுறேன்மா," என்றாள் மகள்.

அக்கா சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். "நான் கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்காத."

மறுநாள் புதிய துணி உள்ளே போனது. நான் கதவில் சாய்ந்து நின்றேன். கொஞ்ச நேரம்தான் பொறுத்தாள்.

"ஒரே ஒரு தடவ, விரல் நுனியால தொட்டுட்டு வந்துடறேன்."

"முடியாது."

"அவ என் ஒரே பொண்ணுடி."

அவள் கண் கலங்கியது. நான் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"அதனாலதான்க்கா குடுக்க மாட்டேன்."