இரண்டு பதில் சொன்ன ஊர்

போன மாதம் பேத்தி புதுக் கார் வாங்கினாள். ஜெர்மன் கார். மலை ஏறுவதற்கு முன் அலிபிரியில் பூஜை போட்டே ஆகவேண்டும் என்று அவள் மாமியார் சொல்லிவிட்டதால், என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு திருப்பதி போனார்கள். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி உருண்டது. நசுங்கிய எலுமிச்சையும் வெயிலில் இளகிய தாரும் சேர்ந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், ஹெர்மன் துரை அப்படியே கண்முன் வந்து நின்றுவிட்டார். பெயரை வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"யாரு தாத்தா அது, உங்க ஃபிரண்டா?" என்றாள் பேத்தி. என்ன சொல்வது? அவர் ஜெர்மனியில் லாரி செய்கிற கம்பெனியின் அதிகாரி. நான் சித்தூரில் அந்தக் கம்பெனியின் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். துரையின் இங்கிலீஷும் என்னுடையதைப் போலவே தட்டுத் தடுமாறியதால் என் குட்டு கடைசிவரை வெளிப்படவில்லை.

அவருக்கும் எலுமிச்சைக்கும் முதல் சந்திப்பு இதே அலிபிரியில்தான். கம்பெனியின் கறுப்புக் காரை மலைமேல் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று வந்தார். டிரைவர் முனெய்யா பழத்தை வைத்துவிட்டுத் தேங்காய் வாங்கப் போன நேரத்தில், துரை குனிந்து நான்கையும் பொறுக்கித் துடைத்து, யாரோ தவறவிட்டுவிட்டார்கள் என்று பத்திரமாக சீட்டின் மேல் வைத்துவிட்டார். முனெய்யா திரும்பி வந்து பார்த்துவிட்டு, வண்டியை எடுக்கவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அன்றிலிருந்து துரை எங்கே கிளம்பினாலும் முதலில் சக்கரத்தடியில் பார்ப்பார். பழம் இல்லையென்றால் அவரே கேட்பார்.

பலமனேர் சாலையில் போகும்போதுதான் அவர் சொந்தக் கதை பேசுவார். அங்கே காற்று கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும், ஊர் ஞாபகம் வந்துவிடுமோ என்னவோ. பட்டறையில் இரும்பு ராவுகிற பையனாகச் சேர்ந்தவர். யுத்தம் முடிந்து இடிந்து கிடந்த பட்டறையில் செங்கல் சுமந்து, பிறகு மேஸ்திரியாகி, மேஜைக்கு வந்தவர். படித்துவிட்டு நேரே மேஜைக்கு வந்தவர்கள் அவரை இன்னும் மேஸ்திரி என்றே நினைக்கிறார்களாம். மதராஸுக்கும் பெங்களூருக்கும் நடுவில் லாரி பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிற ஷெட் ஒன்றை எழுப்பிக் காட்டிவிட்டால் அதற்கு அவர்தான் தலைவர். இல்லையென்றால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியதுதான். இதைச் சொல்லும்போது வெளியே பார்த்துக்கொண்டே சொல்வார்.

பாலசமுத்திரம் போகிற வழியில் ஒரு மேட்டுக்காடு அவருக்குப் பிடித்துப்போயிற்று. வேர்க்கடலை போடுகிற நிலம். சொந்தக்காரர் மணவாளன், எங்களைப் போலத் தமிழ்க் குடும்பம். ஷெட் வந்தால் இரண்டு மகன்களுக்கும் வேலை என்று மனிதர் குளிர்ந்துபோயிருந்தார். எல்லாம் கூடிவந்த நேரத்தில் ஜெர்மனியிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: இந்த ஊர் எந்த ராஜ்யத்தில் இருக்கப்போகிறது? லைசென்ஸ், கரண்டு எல்லாம் யாரிடம் கேட்பது?

நல்ல கேள்விதான். ஆந்திரா பிரிந்து சில வருஷம் ஆகியும் எங்கள் பக்கத்து எல்லை முடிவாகவில்லை. ஊர்ப் பலகையில் ஒரு நாள் தமிழ் எழுத்தின் மேல் தார் பூசியிருக்கும், இன்னொரு நாள் தெலுங்கு எழுத்தின் மேல். அந்தந்த ஊர் ஜனங்கள் யார் பக்கமோ அந்தப் பக்கம்தான் போகும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சரி, ஜனங்களையே கேட்டுவிடலாம் என்று துரை முடிவு செய்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

முதல் தடவை நான் கூடப் போனேன். "ஊர் எந்தப் பக்கம் போவும்னு கேக்குறாரு."

மணவாளன் யோசிக்கவே இல்லை. "இதுல இன்னா கீது சாமி, நாம மெட்ராஸ் பக்கந்தான்."

துரைக்குச் சந்தோஷம். அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல், முனெய்யா பேசினான். அவன் தெலுங்குக்காரன். அதே மணவாளன், அதே வேப்பமரத்தடியில் நின்று, "மேமு ஆந்திராலோனே உண்டாமண்டி" என்று தெலுங்கில் சொல்லியிருக்கிறார். ஆந்திராவிலேயே இருந்துகொள்கிறோமாம்!

மூன்றாவது தடவை துரை எங்கள் இருவரையும் சேர்த்துக் கூட்டிப் போனார். மணவாளன் என் முகத்தைப் பார்த்தார். முனெய்யா முகத்தைப் பார்த்தார். வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏமே, கடல அவிச்சத எட்தா" என்று குரல் கொடுத்தார். பிறகு எங்களிடம், "மொதல்ல துன்னுங்க சாமி. அதுக்கு இன்னா அவசரம், அப்பறமா பேசிக்கலாம்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை, ஐயா. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவனிடம் அவன் பாஷையில், அவன் மனம் கோணாமல் பேசுவதுதான் மரியாதை. வீட்டில் நைனாவிடம் தமிழ், சந்தையில் தெலுங்கு. பெண் எடுத்தது ஒரு பக்கம், கொடுத்தது இன்னொரு பக்கம். இரண்டில் எது என்று யாரும் அதுவரை கேட்டதில்லை. இதைத் துரைக்கு எப்படி விளங்க வைப்பது? என் இங்கிலீஷ் அவ்வளவு தூரம் போகாது.

"ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள் சார், ஆந்திரா என்றே சொல்லுங்கள்" என்று கெஞ்சினேன்.

"எனக்குத் தெரியாததை நான் எப்படிச் சொல்வது?" என்றார். தெரியவில்லை என்றே ஜெர்மனிக்குத் தெரிவித்தார். நேர்மையான மனிதர்களோடு வேலை பார்ப்பதில் இப்படி ஒரு சங்கடம் உண்டு.

ஷெட் வேறெங்கோ போயிற்று, வேறு ஒருவர் அதற்குத் தலைவரானார். ஹெர்மன் துரையைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவர் கிளம்பிய அன்று முனெய்யா நான்கு பழம் வைத்தான். துரை காருக்குள் ஏறாமல், பழம் நசுங்குகிறவரை நின்று பார்த்துவிட்டு, பிறகுதான் ஏறினார். அப்புறம் சில வருஷம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வந்தது. உதிரி பாகக் கிடங்கில் இருப்பதாக எழுதியிருந்தார், அங்கேயே ஓய்வும் பெற்றார். அவர் போன கொஞ்ச காலத்திலேயே எல்லை முடிவாயிற்று. திருத்தணி மதராஸுக்குப் போனது, பாலசமுத்திரம் ஆந்திராவிலேயே நின்றது. இன்னும் சில மாதம் அவர்கள் பொறுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

அலிபிரியிலிருந்து திரும்பும்போது பேத்தியை நச்சரித்துப் பாலசமுத்திரம் வழியாக விடச் சொன்னேன். மேட்டுக்காடு மாந்தோப்பாகியிருந்தது. சாலையோரம் ஒரு டீக்கடை. கடைக்காரப் பையனுக்கு மணவாளனின் அதே தாடை, விசாரித்தால் பேரன்தான். "உன் தாத்தாவ எனக்குத் தெரியும்பா. ஷெட் வர்றதா இருந்துச்சே, சொல்லிக்கீறாரா?" என்று தமிழில் கேட்டேன்.

பையன் சிரித்தான். "அர்த்தமவுத்துந்தி தாத்தா. மாட்லாடடம் ராது" என்றான். புரிகிறதாம், பேச வராதாம்.

விடாமல் கேட்டேன். "இந்த ஊரு எந்தப் பக்கம்பா?"

"ஆந்திரா" என்றான், டீயை ஆற்றிக்கொண்டே. என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்றைக்கு ஹெர்மன் துரைக்கு இந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கும்.