பாதி மருந்து

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ரப்பர் தோட்டம், துறைமுகம், செங்கல் சூளை என்று சுற்றிவிட்டு, ஐம்பதுகளின் கடைசியில் கொசு மருந்து அடிக்கும் வேலையில் சேர்ந்தேன். வேறெங்கும் அவ்வளவு காலம் நான் தங்கியதில்லை. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு தெரு எனக்கும் என்னைவிட மூத்த இன்னொருவருக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. அவரை அண்ணன் என்றே கூப்பிடுவேன். அதே தெருவில் ஒரு மாடி அறையில் அவர் குடும்பம் இருந்தது.

டி.டி.டி. தூளைத் தண்ணீரில் கரைத்துச் சுவரில் அடித்தால், காய்ந்ததும் வெள்ளையாகப் படியும். சாமி படம் மாட்டிய சுவரையும் விடக்கூடாது என்பது உத்தரவு. தீபாவளிக்குச் சாயம் பூசிய சுவரை இப்படி ஆக்கினால் பெண்களுக்கு அழுகையே வந்துவிடும். ஒரு வீட்டில் கெஞ்சிக் கேட்டார்கள். வாளிக்கு இரண்டு டின் போட வேண்டிய இடத்தில் நான் ஒன்று போட்டேன். கறை தெரியவில்லை, கொசுவும் விழுந்தது. அப்புறம் தெரு முழுக்க அதுவே வழக்கமாயிற்று. அண்ணன் முதலில் தயங்கினார். பிறகு தன் வீட்டுக்கும் அப்படியே அடித்தார்.

சில வருஷங்களில், கொசு சுவரில் உட்கார்ந்துவிட்டு எழுந்து பறப்பதைப் பார்த்தோம். தூள் பழசாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

அண்ணனின் மகளுக்கு ஆறு வயது. காய்ச்சல் கண்ட நாலாம் நாள் ஈறில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்; கொசுவால் வரும் டெங்கு என்றார்கள். அந்த அறையிலிருந்து கொசு பிடித்து வரும்படி எங்கள் இலாகாவின் ஆய்வுக்கூடத்தில் சொன்னார்கள். கதவுக்குப் பின்னால் தொங்கிய அவள் பாவாடையிலிருந்து நான்தான் கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பிடித்தேன்.

ஆய்வுக்கூடத்துத் தமிழர் ஒருவர், உட்புறம் முழு வீரிய மருந்து ஏற்றிய தாளைச் சுற்றிய குழாய்க்குள் அவற்றை ஒரு மணி நேரம் விட்டார். மறுநாள் போனேன். பெரும்பாலானவை உயிரோடு இருந்தன.

தாங்கும் குணம் சில கொசுக்களுக்குப் பிறப்பிலேயே இருக்கும் என்றார் அவர். தாய், தகப்பன் இரண்டில் ஒரு பக்கமிருந்து மட்டும் அது வந்திருந்தால் முழு மருந்தில் செத்துவிடும். பாதி மருந்தில் பிழைத்துக்கொள்ளும். பிழைத்தவை தமக்குள் சேர்ந்தால், இரண்டு பக்கமும் வாங்கிப் பிறப்பவற்றை முழு மருந்தும் ஒன்றும் செய்யாது.

“மருந்து கொசுவ மாத்தல தம்பி, பொறுக்கி எடுக்குது. அங்க யாராச்சும் தண்ணியா அடிச்சாங்களா?”

தெரியாது என்றேன்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

“அந்தக் கொசு செத்துச்சாடா?”

“எல்லாம் செத்துருச்சுண்ணே.”

ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன்.

“அப்போ முழுசா அடிச்சிருந்தா இது வந்திருக்காது லா. என் வீட்டுக்கு நான்தானேடா அடிச்சேன்.”

முழு மருந்துக்கும் அவை சாகவில்லை என்ற உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், முதல் வாளியைக் கலக்கியது யார் என்ற பேச்சு வரும்.

மறுநாள் காலை பிள்ளை போய்விட்டது.

அடக்கம் முடிந்த வாரத்தில் அவர் தன் அறைக்கு மருந்து அடித்தார். வாளிக்கு இரண்டு டின், அதற்கு மேல் இன்னும் ஒரு கை. வாளியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். சாமி முகம் தெரியாத அளவுக்குப் படங்கள்மேல் வெள்ளை ஏறியது. அவர் மனைவி வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவர் காய்ந்தபின் ஒரு கொசு வந்து அதன்மேல் உட்கார்ந்தது. வெகுநேரம் அங்கேயே இருந்தது. பிறகு எழுந்து, பக்கத்திலேயே மறுபடி உட்கார்ந்தது. அண்ணன் திரும்புவதற்குள் அதைக் கையால் நசுக்கிவிட்டேன்.