பாதி ரேட்டு கட்டிங்

லிங்கராஜபுரத்தில் எங்கள் அப்பா சலூன் வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, சும்மா வாயடிக்க நான். என் மண்டைக்குப் படிப்புதான் ஏறவில்லை. முடி நன்றாகவே வளர்ந்தது.

அந்த வருஷம் கட்டட ஓனர் வாடகையை ஏற்றினார். அதனால் அப்பா கட்டிங் ரேட்டை ஏற்றினார். அதனால் வந்தவர்கள் எல்லாம், "அண்ணா, ரெண்டு மாசம் தாங்குற மாதிரி ஒட்ட வெட்டிடுங்க" என்றார்கள். அப்பாவும் வெட்டினார். சொன்னபடியே இரண்டு மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் கடையில் காத்திருப்பவர்களை நம்பிப் பால் வாங்கிய பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸைச் சின்னதாக்கினார்.

"இப்படியே போனா ஷட்டரை இழுத்துட்டு எவன் கடையிலயாவது கூலிக்கு நிக்க வேண்டியதுதான்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். கடைக்கு லீவு என்றால் ஊர் சுற்றலாமே என்று எனக்குச் சந்தோஷம். அவ்வளவு அறிவு.

கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். உச்சியைத் தொடாமல் ஓரத்தில் மட்டும் மிஷின் போடுவது. பாதி வேலை, பாதி ரேட்டு.

முதலில் வந்தது என் வகுப்புப் பையனும் அவன் அம்மாவும். அந்த அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். முடி வெட்டாமல் வந்தால் உள்ளே விடமாட்டேன் என்று மிஸ் சொல்லிவிட்டாராம். அந்த அம்மா என் அப்பாவிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அப்பா தலையாட்டிவிட்டு, பையனிடம் சத்தமாகச் சொன்னார்:

"ஏறி உக்காரு ராஜா. உனக்குப் புது ஸ்டைல் போட்டு விடறேன்."

அவன் முகமெல்லாம் பல். எனக்குத்தான் உண்மை தெரியுமே, சும்மா இருப்பேனா?

"டேய், ஸ்டைலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அது பாதி ரேட்டு கட்டிங்!"

அவன் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டான். "வேணாம்மா. எல்லாரும் சிரிப்பாங்க." அவன் அம்மா தரையைப் பார்த்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்தேன். விழவில்லை. காதைப் பிடித்து அடுத்த நாற்காலியில் ஏற்றி, துணியைப் போர்த்தினார். காதோரம் மிஷின் உறுமியது.

"அப்பா, நமக்கு ஓசிதானே! முழுசா வெட்டுப்பா!"

"ஆடாத. காது போயிடும். உன் வாய்தான் போகணும்."

கண்ணாடியில், குடுமியோடு உரித்த தேங்காய் ஒன்று அழுதுகொண்டிருந்தது. அந்தப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுத் தானாகவே ஏறி உட்கார்ந்தான்.

"அங்கிள், எனக்கும் இவனுக்குப் போட்ட மாதிரியே போடுங்க."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் இரண்டு தேங்காய்கள் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு நின்றோம். "பம்பாய்ல இப்ப இதுதான் மச்சா" என்று அளந்துவிட்டேன். பம்பாய் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் கடையில் நாலைந்து பையன்கள். அப்புறம் கட்டட ஓனரின் மகனே வந்து, முழு ரேட்டும் கொடுத்து அதே ஸ்டைலைப் போட்டுக்கொண்டு போனான். ஷட்டர் இறங்கவில்லை.

என் வாய்க்குக் கிடைத்த தண்டனை அது என்றுதான் ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். முடி வெட்டிய அன்று, மகனைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது அந்த அம்மா என்னிடம் வந்து, என் மொட்டை ஓரத்தை இரண்டு கையாலும் தடவிக் கொடுத்தார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.