வெடித்த கோஸ்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நாலு கோஸ் செடி வைத்தேன். மூன்று வீணாகிவிட்டன. ஒன்று மட்டும் மார்கழிக் குளிரில் இலை மூடி உருண்டை பிடித்தது. அதை நான் வளர்த்தேன் என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் லைன் வீட்டில் குடியிருந்த ஒடிசாப் பெண்தான் வளர்த்தாள். புருஷன் கம்பெனி பஸ் ஏறியதும் வந்துவிடுவாள். இலையைப் புரட்டிப் பச்சைப் புழுவைக் கையாலேயே எடுப்பாள். "நாம தூங்குது, புழு தூங்காது அக்கா" என்பாள். அவள் பேச்சைக் கேட்பதற்காகவே டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருவேன்.

என் அண்ணன் ஆர்.கே.பேட்டையில் பயிர் வைக்கிறவர். கோஸ் என்றதும் போனில் சிரித்தார். "நம்மூர் வெயிலுக்கு கோஸாமா? எலைதான் வரும். ஆட்டுக்குப் போட்டுக்கினு இரு." அந்தச் சிரிப்பு எனக்குள் உட்கார்ந்துகொண்டது. பொங்கலுக்கு வருகிறவருக்குச் செடியோடு காட்டியே தீருவது என்று இருந்தேன்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் கோஸை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, கல்லு மாதிரி ஆச்சு. இன்னிக்கு வெட்டு" என்றாள். மறுநாளும் சொன்னாள். மூன்றாம் நாளும் சொன்னதும், "உனுக்கு வோணும்னா நேரா கேளேன். இன்னாத்துக்கு சுத்தி வளைக்கிற?" என்று கேட்டுவிட்டேன். கேலியாகத்தான் ஆரம்பித்தேன். வெளியே வந்தபோது அதில் கேலி இல்லை. அவள் கையிலிருந்த புழுவைக் கீழே போட்டு மிதித்துவிட்டுப் போனாள். அப்புறம் வேலிப் பக்கமே வரவில்லை.

இன்னும் பெரிதாகட்டும் என்று நான் இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். போகிக்கு முந்தின நாள் காலையில் பார்த்தால் கோஸ் நடுவில் வெடித்துப் பிளந்திருந்தது. முற்றினதை விட்டுவைத்தால் வெடித்துவிடும் என்றுதான் வெட்டச் சொல்லியிருக்கிறாள். காரணத்தைத் தமிழில் சொல்ல அவளுக்கு வரவில்லை. நானாவது ஏன் என்று கேட்டிருக்கலாம்.

அண்ணன் வந்து பார்த்தார். "பரவால்லியே, உருண்ட புடிச்சிக்குதே" என்றார். பொரியலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் என் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றேன். தப்பாகப் பேசிவிட்டேன் என்று சொல்லத்தான் போனேன். "சூடா கீது, சாப்டு" என்பது மட்டும்தான் வந்தது. வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து எடுத்துவந்தாள்.

"தேங்க்ஸ் மேடம்" என்றாள்.