ஆறு நிமிடம் இருபத்து மூன்று நொடி

இசைத்தட்டின் உறையில், என் மனைவி வாசிக்க வேண்டிய பகுதிக்கு ஆறு நிமிடம் என்று அச்சிட்டிருந்தது. என் கைக்கடிகாரத்தில் ஆறு நிமிடம் இருபத்து மூன்று நொடி வந்தது. மூன்று வாரம் தினமும் மாலையில் பார்த்தேன். ஒருநாள் இரண்டு நொடி கூடும், ஒருநாள் குறையும். உறையில் தோராயமாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருவள்ளூரில் ஒரு துணை மின்நிலையத்தில் எனக்கு வேலை. மணிக்கொரு தடவை மீட்டர்களைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. என் மனைவி கர்நாடக வயலின் முறையாகக் கற்றவள். மிஷன் பள்ளியில் படித்ததால் மேல்நாட்டு இசைக் குறிப்பைத் தாளில் பார்த்து வாசிக்கவும் தெரியும். சென்னையில் ஒரு பள்ளியில் வயலின் ஆசிரியை வேலை காலியாக இருந்தது. கிடைத்தால் அவள் ரயிலில் போய்வருவாள், குடித்தனம் திருவள்ளூரிலேயே இருக்கும், நான் மட்டும் கும்மிடிப்பூண்டிக்குப் போவேன். கிடைக்காவிட்டால் கும்மிடிப்பூண்டி குவார்ட்டர்ஸ்; வயலின் பரண்மேல் போகும்.

அந்தப் பள்ளியின் இசை மாஸ்டர் வயதானவர், செல்லோ என்ற பெரிய வயலினை வாசிப்பவர். இசைத்தட்டையும் தாள்களையும் அவளிடம் கொடுத்து, "மூணு வாரம் கேளும்மா. அப்பால ஞாயித்துக்கெழம வந்து எங்க மூணு பேரோட வாசி. நீதான் ஆரம்பிக்கணும்" என்றார். ஐரோப்பாவின் பழைய பரோக் காலத்து இசை. இரண்டாவது வயலின் தனியாகத் தொடங்கும். மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக வந்து சேரும். அவள் எடுக்கும் வேகம்தான் நான்கு பேருக்கும்.

தாளில் போட்டிருந்த சுருதி டி மைனர். தட்டு அதற்கு அரை ஸ்வரம் கீழே ஒலித்தது. அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. பாடுகிறவரின் சுருதிக்கு வயலினை இறக்கிக்கொள்வது சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பழக்கம். நாலு தந்திகளையும் தளர்த்தித் தட்டோடு சேர்த்துக்கொண்டாள். தளர்ந்த தந்தியில் அந்த இசை துக்க வீட்டில் பேசுவதுபோல் தணிந்து, கனத்து வந்தது. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

ஞாயிறுகளில் பொதட்டூர்பேட்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். அதனால் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டை நாங்கள் போட்டதே இல்லை. முதல்முறை போட்டது தேர்வன்று காலை ஆறரைக்கு.

இரண்டு வரி வாசித்தவள் வில்லை எடுத்துவிட்டாள். தட்டு அவளை விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது. சுருதியும் மேலே ஏறியிருந்தது. துக்கம் போய், செருப்பை மாட்டிக்கொண்டு அவசரமாகக் கிளம்புகிறவரின் நடை வந்திருந்தது.

"இன்னாங்க இது? எதுனா திருகி வச்சீங்களா?"

"நான் தொடவே இல்லம்மா."

"பின்ன இன்னாத்துக்கு இப்டி ஓடுது?"

கடிகாரத்தைப் பார்த்தேன். முடிந்தபோது சரியாக ஆறு நிமிடம். மின்சாரம் நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னுமாக அலைய வேண்டும். தட்டைச் சுற்றும் மோட்டார் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். மின்தட்டுப்பாட்டுக் காலம், ஆலைகள் இழுக்கும் நாட்களில் நாற்பத்தேழுக்கு இறங்கிவிடும். ஞாயிறு ஆலைகளுக்கு விடுமுறை, ஐம்பதுக்கு ஏறிவிடும். மூன்று வாரமாக ஆபீசில் நாற்பத்தேழு என்று என் கையால் எழுதினேன். வீட்டில் இருபத்து மூன்று நொடி அதிகம் என்று பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"இன்னிக்குத்தான் சரியா சுத்துது. இத்தினி நாளும் மெதுவா சுத்திச்சு. கரண்டு."

"உங்க மீட்டர்ல தெரியாதா?"

"தெரியும்."

அவள் தந்திகளை முறுக்க ஆரம்பித்தாள். மெல்லிய தந்தி அறுந்தது. மாற்றுத் தந்தி ஒன்றுதான் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு ஓடி, ஏழே காலுக்கு ரயிலைப் பிடித்தோம். புதுத் தந்தி இறங்கிக்கொண்டே இருந்தது. வழியெல்லாம் அவள் அதை மீட்டி மீட்டி ஏற்றினாள். சரியான வேகம் தெரியட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துத் தொடையில் தட்டினேன்.

"தட்டாதீங்க. நீங்க எண்ணிக்கினு இருந்தது போதும்."

கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பள்ளிக்கூட ஹாலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் காலையில் கேட்ட வேகத்தில்தான் தொடங்கினாள். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். இரண்டாவது பக்கத்தில் அவள் கை பழைய நடைக்கு இறங்கியது, மற்றவர்கள் இறங்கவில்லை. நாலு பேரும் நாலு இடத்தில் நின்றார்கள். மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் அதே இடம்.

மாஸ்டர் வில்லை மடியில் வைத்தார். "கை நல்லாக்கீதும்மா. வேகம் நிக்கலியே. பசங்களுக்கு எப்டி சொல்லித் தருவே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் எழுந்தேன்.

"சார், தப்பு என்னுது." நாற்பத்தேழு, ஐம்பது, இருபத்து மூன்று நொடி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதே கரண்டுதானே எங்க ஊட்லயும்? நான் கோயிலுக்குப் போய்ட்டு வந்து ஞாயித்துக்கெழமதான் தட்டு போடுவேன். அதான் எனக்குத் தெரியல." பிறகு அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து அவளிடம் கொடுத்தார். சாவி கொடுத்தால் முள் இப்படியும் அப்படியும் ஆடி டக் டக்கென்று தாளம் சொல்லும் பெட்டி. "இதுக்குக் கரண்டு வேணாம். அடுத்த ஞாயிறு வா. அதுக்கு மேல இந்த வேலைய என்னால நிறுத்தி வெக்க முடியாது."

அந்த வாரம் தட்டைப் போடவில்லை. பெட்டி டக் டக்கென்று ஓடியது. திங்கட்கிழமையே அவள் என் கைக்கடிகாரத்தை வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு என்னை ஹாலுக்குள் வரவேண்டாம் என்றாள். வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். வயலின் தனியாகத் தொடங்கியது. இரண்டாவது சேர்ந்தது, மூன்றாவது, நான்காவது. எங்கும் நிற்கவில்லை. நான் மூச்சை எண்ண ஆரம்பித்து, நடுவில் கணக்கு விட்டுப்போயிற்று.

அவள் வந்தாள். "ஒண்ணாந்தேதி சேரணுமாம்."

"எத்தினி நிமிஷம் ஆச்சு?"

"யாருக்குத் தெரியும்? வாங்க, பசிக்குது."