காற்று நின்ற பிறகும் எரிந்த விளக்கு

அந்தத் தெருவில் பொம்மைக் கார் உடைந்தால் யாரும் குப்பையில் போடுவதில்லை. நாலாம் வகுப்பு டீச்சர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அவர் அதன் வயிற்றைப் பிளந்து, கட்டைவிரல் அளவு மோட்டாரை மட்டும் எடுத்துக்கொள்வார். சமையலறையில் சர்க்கரை இருக்கவேண்டிய டப்பாவில் மோட்டார்கள்தான் கிடக்கும்.

"டீயில எதைக் கலந்தே? குடிச்சதும் தலை சுத்துதே" என்பார் கணவர். வேன் ஓட்டுகிறவர்.

"நல்லா சுத்தட்டும். ரெண்டு ஒயரை மாட்டி பல்பு எரிய வைக்கிறேன்."

கரண்ட் கொடுத்தால் சுற்றும் மோட்டாரை நாம் சுற்றிவிட்டால், அதுவே நமக்குக் கரண்ட் கொடுக்கும். இதைப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்க்கவேண்டும் என்பது டீச்சரின் பிடிவாதம். தண்ணீர் பாட்டிலை வெட்டி இறகு, அட்டையில் கோபுரம், உச்சியில் மோட்டார், அடியில் மிளகளவு சிவப்பு விளக்கு. எதிரே மேசை மின்விசிறிதான் காற்று. விளக்கு எரியாத பிள்ளை அழும். டீச்சர் கண்ணைத் துடைத்துவிட்டு இறகைத் திருப்பி வளைக்கச் சொல்வார்.

"பரீட்சையில பக்கத்துப் பையனைப் பாத்து எழுதலாம். விளக்கை ஏமாத்த முடியாது. காத்து வந்தா எரியும், நின்னா அணையும். அவ்வளவுதான்."

வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். தலைமையாசிரியை அவளுக்கு வைத்த பெயர் கேள்விக்குறி. காற்று எங்கிருந்து வருகிறது, ராத்திரி அது எங்கே போகிறது, மின்விசிறியே கரண்டில் ஓடும்போது அதன் காற்றில் கரண்ட் எடுப்பது என்ன கூத்து என்றெல்லாம் டீச்சரின் உயிரை எடுப்பாள். டீச்சருக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம்.

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பள்ளியை மூடி நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தது. லாரிகள் தலைதெறிக்க ஓடும் சாலை அது. ஏற்கெனவே ஒரு குழந்தையைப் பலி வாங்கியிருந்தது. முடிவெடுக்க அதிகாரி நேரில் வருவதாகச் சொன்னார்கள்.

தலைமையாசிரியை டீச்சரைத் தனியே அழைத்தார். "உங்க காத்தாடியைத்தான் நம்பியிருக்கேன். பல்பு எரியுமில்ல?"

"எரியும் மேடம். கொஞ்சம் மங்கலா."

"மங்கலா எரிஞ்சா இந்தப் பள்ளிக்கூடமும் மங்கிடும். பளிச்சுன்னு எரியணும். எப்படியோ செய்யுங்க, நான் கேக்க மாட்டேன்."

வகுப்பில் நன்றாக வந்திருந்தது கேள்விக்குறியின் கோபுரம் ஒன்றுதான். அதிலும் விளக்கு மினுக் மினுக்கென்று கண் சிமிட்டியது. அதிகாரி வரும் நாள் காலையில், பிள்ளைகள் வருவதற்கு முன், டீச்சர் அதைக் கவிழ்த்து மோட்டாரின் ஒயரை வெட்டினார். விளக்கின் கால்களைச் சட்டைப் பொத்தான் அளவு பேட்டரியோடு இணைத்து, நடுவில் ஒரு காகிதத் துண்டைச் செருகினார். உருவினால் எரியும், செருகினால் அணையும். மின்விசிறியைப் போடும்போது உருவவேண்டும், நிறுத்தும்போது செருகவேண்டும்.

அதிகாரி வந்தார். தலைமையாசிரியை மின்விசிறியைப் போட்டார். டீச்சர் காகிதத்தை உருவினார். சிவப்பு விளக்கு பளீரென்று எரிந்தது. கேள்விக்குறி வாயைப் பிளந்தாள்.

"டீச்சர், என்னோடதா இது!"

அதிகாரி பார்ப்பதற்காக டீச்சர் விலகி நின்ற நேரத்தில் கரண்ட் போனது. மின்விசிறி சோர்ந்து நின்றது. இறகுகளும் நின்றன. அறை இருண்டது. அந்த இருட்டில் மிளகளவு விளக்கு மட்டும் முன்னைவிடப் பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது.

அதிகாரி குனிந்து அட்டையின் அடியைப் பார்த்தார். நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். அதிகாரியின் முகத்தில் கோபம் இல்லை. களைப்பான ஒரு சிரிப்பு மட்டும் இருந்தது.

"ரொம்ப அருமையா எரியுதும்மா" என்று சொல்லிவிட்டுக் கை தட்டினார். தலைமையாசிரியையும் தட்டினார். தட்டச்சொல்லிப் பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். எல்லாக் கைகளும் தட்டின. கேள்விக்குறி மட்டும், அசையாத இறகையும் எரியும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள்.

பள்ளி பிழைத்தது.

"ஊரே உன்னைத்தான் பேசுது, நீ ஏன் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கே?" என்றார் கணவர். டீச்சர் மோட்டார் டப்பாவைப் பரண்மேல் ஏற்றச் சொன்னார். கணவர் சிரித்துப் பார்த்தார், எடுபடவில்லை. டப்பாவை ஏற்றிவைத்தார்.

கேள்விக்குறி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். ஏதாவது கேட்பாளா என்று டீச்சர் தினமும் பாடத்தை நடுவில் நிறுத்திக் காத்திருந்தார். அவள் கரும்பலகையில் இருப்பதை அழகாக எழுதிக்கொண்டாள். விளக்கைப் பற்றி அவளிடம் பேச டீச்சருக்கும் வாய் வரவில்லை. வகுப்பு முடிந்ததும் கூப்பிடலாம் என்று நினைப்பார், மணி அடித்ததும் தானே முதல் ஆளாக வெளியேறிவிடுவார்.

அடுத்த பாடம் தண்ணீர்ச் சக்கரம். பரண்மேல் போன டப்பாவைத் திரும்ப இறக்கவேண்டியதாயிற்று. ஐஸ்கிரீம் குச்சிகளால் சக்கரம் செய்து, குவளையால் தண்ணீர் ஊற்றிச் சுற்றவேண்டும். முதல் வரிசையில் யாருக்கும் எரியவில்லை. டீச்சர் குவளையோடு கேள்விக்குறியின் மேசைக்கு வந்தார். ஊற்றக் கையைத் தூக்கினார். ஒரு சொட்டுகூட விழுவதற்கு முன்பே விளக்கு பளீரென்று எரிந்தது.

டீச்சர் அட்டையைத் தூக்கிப் பார்த்தார். வெளியே எதுவும் தெரியவில்லை. இரண்டு அட்டைகளைச் சேர்த்து ஒட்டி, பேட்டரியை நடுவில் மறைத்திருந்தாள். ஓரத்தில் ஒரு நூல்முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"உங்களோடதுல காகிதம் வெளியே தெரிஞ்சுது டீச்சர்" என்றாள் அவள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், உதவி செய்கிறவளைப் போல. "அதான் நூலாப் போட்டேன். நல்லா இருக்கா?"

குவளை டீச்சரின் கையில் அப்படியே நின்றது. பின்வரிசையில் யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள்.