மாதாவிடம் கேட்ட கழுதை

முழங்காலில் நிற்கும்போதும் வாய் ஓயாத ஒருத்தியை மாதா எப்படித் தாங்கினாள் என்று சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். என் பெயர் சகாயமேரி. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை. என் வீட்டுக்காரர் அந்தோணி சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் இருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள், ஜெனி.

போன வருடம் தவக்காலம் தொடங்கிய சமயம் ஜெனிக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. பிசியோதெரபி பயிற்சியை விட்டால் கால் விறைத்துவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பயிற்சியோ திருநெல்வேலியில். பஸ் குலுங்கும்போதெல்லாம் பிள்ளை என் கையைக் கடித்துக்கொள்ளும். சத்தம் போட்டு அழுதால் நானும் அழுதுவிடுவேன் என்று அதற்குத் தெரியும். கரைக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர் ஈஸ்டர் கழிந்ததும் அடுத்த கப்பலுக்குப் போய்விடுவார். பிறகு நான் தனி.

கார் ஓட்டும் லைசென்ஸ் என்னிடம் இருந்தது. வண்டிதான் இல்லை. பிள்ளை சாய்ந்து காலை நீட்டி வர ஒரு புது வண்டியைப் பார்த்து வைத்தோம். எங்கள் சேமிப்பு அதன் விலைக்கு எட்டவில்லை. ஷோரூமில் இருந்த ஏரல் ஊர்க்கார அண்ணாச்சி ஒருவர், நல்ல மனுஷன், "கம்பெனி ஆளுகளுக்கு கார்ப்பரேட் தள்ளுபடி உண்டு. சாரோட கப்பல் கம்பெனியும் லிஸ்ட்ல இருக்கு" என்றார். அது கிடைத்தால் போதும். முன்பணம் கட்டிவிட்டு வந்தோம்.

வேலைக்கான அத்தாட்சி கேட்டு எழுதியதற்குக் கப்பல் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. ஒப்பந்தம் முடிந்து இறங்கியவர் இப்போது தங்கள் ஊழியர் இல்லையாம். கப்பல்காரர் பிழைப்பு அப்படித்தான். ஏறினால் கம்பெனி ஆள், இறங்கினால் யாரோ.

"இத்தன வருஷம் எண்ணெய்க்குள்ள கெடந்தேன் மேரி. கரைக்கு வந்தா நான் யாரோவாம்ளா" என்று அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

நேரே மாதா கோயிலுக்குப் போனேன். மெழுகுதிரிகூட வாங்கவில்லை. அவ்வளவு ஆத்திரம். "நீயும் பிள்ளையத் தூக்கிட்டு எகிப்துக்கு ஓடுனவதான? உனக்காவது ஒரு கழுத கெடச்சுது. எனக்குப் பஸ்ல உக்கார எடங்கூட கெடைக்கல. எனக்கும் ஒரு கழுத தாம்மா" என்று சண்டை போட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் முன்பணத்தைத் திரும்ப வாங்க இருவரும் ஷோரூமுக்குப் போனோம். நான் அலுவலகத்திலிருந்து அப்படியே வந்திருந்தேன். பதிவை ரத்து செய்ய அண்ணாச்சி கம்ப்யூட்டரில் கை வைத்தார். பயம் வந்தால் கழுத்தில் கயிற்றில் கிடக்கும் உத்தரியத் துணியைப் பிடித்துக்கொள்வது நம் வழக்கம்தானே? சேலைக்குள்ளிருந்து அதை இழுத்தேன். கூடவே வேறொரு கயிறும் சிக்கிக்கொண்டு வந்தது.

"அது என்னதும்மா?" என்றார் அண்ணாச்சி.

"உத்தரியம் அண்ணாச்சி. மாதாவுக்காகப் போடுதது."

"அதக் கேக்கல. கூட ஒரு அட்ட தொங்குதே?"

"என் ஆபீஸ் அட்ட."

வாங்கிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். முகம் மலர்ந்துவிட்டது.

"யம்மா, உங்க கம்பெனியும் லிஸ்ட்ல இருக்கே! இத்தன நாளும் சார்ட்டயேதான கேட்டுட்டு இருந்தோம்? வண்டிய உங்க பேர்ல எடுத்தா என்ன?"

எங்கள் கடற்கரையில் மீன்பிடி வள்ளம் வாங்கினால் ஆம்பிளை பெயரில்தான் வாங்குவார்கள். காரும் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம், நான் உட்பட. என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். "தோணவே இல்லியேளா!" என்று சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

பெரிய வியாழனுக்கு முன்பே வண்டி வந்தது. புது வள்ளத்தை மந்திரிப்பதுபோல் பங்குச் சாமியார் கோயில் வாசலில் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். "வள்ளத்துக்குப் பேர் வைப்பீங்களே, இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டார். நான் போட்ட சண்டை ஜெனிக்குத் தெரியும். "கழுத!" என்றாள். சாமியார் தீர்த்தச் செம்போடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

ஈஸ்டர் கழிந்து என் வீட்டுக்காரர் கப்பலேறினார். நான் வண்டி ஓட்டினேன். முதல் நாளே பிள்ளை சாய்ந்து தூங்கிவிட்டது. என் கையில் இருந்த பல் தடம் மெல்ல மெல்ல மறைந்தது. வாய் ஓயாத நான் இப்போது ஸ்டியரிங்கைத் தொடும்போதெல்லாம் நன்றி மட்டும்தான் சொல்கிறேன்.

பயிற்சி முடிந்த அன்று ஜெனி என் கையை விட்டுவிட்டு, கோயில் வாசலிலிருந்து பீடம் வரை தானாக நடந்தாள். மாதாவை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

"மாதாவே, கழுத வெளிய நிக்கு. எங்கயாது போணும்னா சொல்லுங்க, அம்மா கொண்டு விடுவா."

பிள்ளைகளே, உங்களுக்கும் ஏதாவது அடைத்துக்கொண்டு நின்றால் அவளிடம் போங்கள். அழகான செபம் வராவிட்டால் என்னைப்போல் சண்டை போட்டாவது கேளுங்கள். அவள் தாய். கோபித்துக்கொள்ள மாட்டாள்.